சிட்-ஸ்கீ இருக்கை: முழங்கால் மேலேயா, மண்டியிட்டா?

தடம்_10
நேரடியாகக் கேட்கிறேன். சிட்-ஸ்கீ, அதாவது ஸ்கீமேல் பூட்டிய இருக்கையில் அமர்ந்து, இரு கைக்கோலால் தள்ளிப் பனியில் ஓட்டுவது. வீரர் எல்டபிள்யூ 11 வகுப்பு (உட்கார்ந்து ஓட்டுவோரை உடல் இயக்கத்தை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில் ஒன்று). டி11 (மார்புப் பகுதியின் 11-ஆவது முள்ளெலும்பு) மட்டத்தில் தண்டுவடக் காயம். மேல்வயிறு இறுகும், கீழ்முதுகு அரைகுறை, இடுப்பை மடக்கும் தசை வேலை செய்யாது. இப்போது உட்காருவது முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும் வாளி இருக்கையில், முதுகுச்சாய்வும் உண்டு. சமதரையில் குறையில்லை. 10% ஏற்றம் வந்தால் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறார். மண்டியிடும் சட்டத்துக்கு மாற்றலாமா?

கோல்முனை
மாத்துங்க. முழங்கால் மேல போனா தொடையின் பின்தசை இழுத்து இடுப்புக்கூட்டைப் பின்னால உருட்டிடும். கீழ்முதுகு கூன் விழும், வயிறு மடியும், தோள்பட்டை முன்னால சரியும். அந்த நிலையில கையைத் தூக்கிக் கோலை ஊன்றினா தோள்மூட்டுல தசைநாண் நசுங்கும். தினமும் சக்கர நாற்காலி தள்ற தோள் அது, ஞாபகம் இருக்கட்டும். மண்டியிட்டா இடுப்புக்கூடு முன்னால சாயும், முதுகு நிமிரும், மேலுடம்பு எடை கோல்மேல இறங்கும். வெறும் கையால தள்றது வேற, இது வேற.

எதிர்க்காற்று
உடம்பை இறக்குவது சரி, திரும்ப எழுப்புவது யார்? கால் மட்டும் இழந்த எல்டபிள்யூ 12 வீரருக்கு வயிறும் முதுகும் முழுசாக இருக்கின்றன. குனிவார், நிமிர்வார். அவருடைய காணொளியைப் பார்த்து இவருக்குச் சட்டம் செய்யக்கூடாது. இவர் குனிந்தால் கையை வீசி, தலையை எறிந்துதான் நிமிர முடியும். பாதி நிமிர்ந்த நிலையில் அடுத்த ஊன்றல் வரும், கோல் முன்னே போகவே போகாது.

இன்னொன்று. கோல் தரையோடு 75 டிகிரியில் நிற்கும்போது 200 நியூட்டன் அழுத்தினால் முன்னே தள்ளுவது 52 மட்டுமே, மிச்சம் பனியைக் குத்துகிறது. 45 டிகிரிக்குச் சாய்ந்தபின் அதே 200 நியூட்டன் 141 தரும். உடம்பைப் பொத்தென்று போடுகிறவர்கள் கோல் நிமிர்ந்திருக்கும்போதே எடையைச் செலவழித்துவிடுகிறார்கள்.

கோல்முனை
அது நுட்பக் கோளாறு, இருக்கைக் கோளாறு இல்ல. உடம்பு இறங்க இறங்கத் தோள் தாழும், தோள் தாழ்ந்தா கோல் சீக்கிரம் சாயும். நீங்க சொல்ற 45 டிகிரிக்கு வேகமா கொண்டுபோறதே அந்த இறக்கம்தான். எழறதுக்கு வழி இருக்கு: மண்டிச் சட்டத்துல விலாவுக்குக் கீழ மெத்தை வச்ச முன்தாங்கி போடுங்க. சுமார் 30 டிகிரிக்கு மேல குனிய விடாம வைங்க.

எதிர்க்காற்று
முன்தாங்கி வயிற்றை அழுத்தும். ஏற்றத்தில் மூச்சு வேகமெடுக்கும்போது உதரவிதானம் கீழிறங்க இடம் வேண்டாமா? தள்ளும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடைத்துவிட்டு வேகம் எதிர்பார்க்கிறீர்கள்.

ஏற்றக்கணக்கு
இருவரும் கோல் தரையில் இருக்கும் நேரத்தைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். கோல் காற்றில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

வீரர், சட்டம், ஸ்கீ எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று வைப்போம். 10% ஏற்றத்தில் கீழே இழுக்கும் விசை சுமார் 73 நியூட்டன். பனியின் உராய்வுக் கெழு 0.04 என்றால் இன்னும் 29. மொத்தம் 102. கோல் தரையில் இல்லாதபோது வேகம் ஒவ்வொரு நொடிக்கும் 1.36 மீ/நொடி குறையும். 2.5 மீ/நொடியில் ஏறுகிறவர் கோலைத் திரும்ப முன்னே கொண்டுவர 0.5 நொடி எடுத்தால் 0.68 போயிற்று, கால் பங்குக்கும் மேல். 0.7 நொடி எடுத்தால் 0.95. சமதரையில் அதே 0.7 நொடிக்கு இழப்பு 0.27தான். சமதரையில் ஓடுகிறவர் ஏற்றத்தில் நிற்பதற்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

ஆகவே ஏற்றத்தில் ஆழக் குனிவது இவருக்கு எந்தச் சட்டத்திலும் நஷ்டம். குட்டையான தள்ளல், சீக்கிரமான ஊன்றல். முழு மண்டிக்குப் போகாமல் தொடை முன்பக்கம் 10 முதல் 15 டிகிரி தாழும்படி இருக்கையைச் சாய்த்து, முதுகுச்சாய்வைக் கடைசி விலா வரை வைத்துப் பார்க்கலாம். இடுப்புக்கூடு உருளாது, நிமிரும்போது சாய முதுகுக்கு ஒரு சுவரும் இருக்கும். சட்டத்தில் 1 கிலோ குறைத்தால் இந்த ஏற்றத்தில் மிச்சம் 1.4 நியூட்டன். எடை குறைந்த கார்பன் இழைச் சட்டத்துக்கு ஓடுகிறவர்கள் முதலில் கோல் திரும்பும் நேரத்தை அளக்கட்டும்.

மெழுகுப்பெட்டி
எந்தச் சட்டமானாலும் பட்டை எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். வயிற்றுக்குக் குறுக்கே போகும் பட்டை மூச்சையும் கெடுக்கும், இடுப்பையும் பிடிக்காது. இடுப்பெலும்பின் முன்முனைக்குக் கீழே, தொடை மடியும் இடத்தில், சாய்வாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இருக்கைக்குள் இடுப்பு 2 சென்டிமீட்டர் நழுவினால் ஒவ்வொரு தள்ளலிலும் அந்த 2 சென்டிமீட்டர் ஸ்கீக்குப் போகாது.

மண்டியிட்டால் எடை முழந்தாளுக்கும் பாதத்தின் மேற்புறத்துக்கும் போகும். அங்கே உணர்வு கிடையாது. முதல் நாட்களில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மெத்தையை மாற்றும்வரை ஓட்டக்கூடாது.

நிலை மாறினால் எடைமையமும் நகரும். முன்னே போனால் ஸ்கீ முனை பனியில் புதையும், பின்னே போனால் முனை இலேசாகி வளைவில் தடத்தைவிட்டு வெளியேறும். பைண்டிங்கில் (சட்டத்தை ஸ்கீயோடு பூட்டும் பிடிப்பு) சட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி சரிசெய்யுங்கள். பின்பக்கப் பிடிப்பு கொஞ்சம் நழுவ இடம் வேண்டும். இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டினால் ஸ்கீ வளையாது, என்ன மெழுகு போட்டாலும் வழுக்காது.

தடம்_10
சோதனையை எப்படி வைப்பது? காலையில் பழைய இருக்கை, மதியம் புதியது என்றால் போதுமா?

ஏற்றக்கணக்கு
போதாது. மதியம் பனி மாறியிருக்கும். பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் அதே ஏற்றத்தில் 100 மீட்டர் வையுங்கள், இடையில் முழு ஓய்வு. பக்கவாட்டில் நொடிக்கு 120 படம் எடுக்கும் கேமரா. மூன்றை எண்ணுங்கள்: மொத்த நேரம், தள்ளல்கள், கோல் பனியை விட்டதிலிருந்து திரும்ப ஊன்றும்வரை எத்தனை படம். 60 படம் என்றால் 0.5 நொடி.

எதிர்க்காற்று
கோல் நீளத்தை மறந்துவிட்டீர்கள். புது இருக்கையில் தோள் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் பழைய கோல் அந்த அளவுக்குக் குட்டை, ஊன்றும் கோணமே மாறிவிடும். நீளம் மாற்றக்கூடிய கோல் இல்லாமல் எடுத்த முடிவை இங்கே போட வேண்டாம்.

கோல்முனை
இதுல ஒத்துக்கறேன். முன்தாங்கி விஷயத்துல இல்ல.