புதுப்பிப்பு: தக்காளி நாற்று அடித்தண்டு மெலிந்து சாய்ந்த பிரச்சினை தீர்ந்தது

வீட்டுக்குள் குழித்தட்டில் முளைத்த தக்காளி நாற்றுகள் அடித்தண்டு நூலாக மெலிந்து சாய்வதாகக் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. அது அடித்தண்டை அழுகவைக்கும் நாற்றழுகல் நோய்தான். பூஞ்சைக்குத் தோதாக ஈரம் தேங்கியிருந்தது, தட்டின் மூடியையும் திறக்கவில்லை.

கைகொடுத்தது, "அடியிலிருந்து தண்ணீர் காட்டுங்கள்" என்ற யோசனை. பழைய கலவையைக் கொட்டிவிட்டு, 1 பங்கு ப்ளீச், 9 பங்கு தண்ணீரில் தட்டை 10 நிமிடம் ஊறவைத்து அலசி, புதுத் தென்னைநார்க் கழிவில் அரை செ.மீ. ஆழத்தில் மறுபடி விதைத்தேன். முளை தெரிந்ததும் மூடியை எடுத்தாயிற்று. தட்டைத் தண்ணீரில் 20 நிமிடம் வைத்து மிச்சத்தை வடிக்க வேண்டும். நார்க்கழிவின் மேற்பரப்பு காய்ந்து வெளிறினால்தான் அடுத்த முறை தண்ணீர். 24 விதையில் 21 நிற்கின்றன. ஏற்கெனவே சாய்ந்தவை எதுவும் பிழைக்கவில்லை.

எதிர்பாராதது: உண்மையிலை (முளையிலைகளுக்கு அடுத்து வரும் இலை) வந்தபின் நாற்று வெளுத்தது. நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு. கால்பங்கு வீரியத்தில் திரவ உரம், வாரம் ஒருமுறை, பச்சை திரும்பிவிட்டது.