ஒரு சார்ஜில் நாற்பது துண்டா? பேட்டரி வாள் வாங்குவது பற்றி ஒரு விவாதம்

குலசேகரம் விளைக்காரன்:
நேற்று தக்கலைக்காரர் இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அருமனை டீச்சர் கேட்டது எளிய கேள்வி. எழுபது சென்ட் விளை (தோட்டம்). பலா இரண்டு, அயனி (காட்டுப் பலா) ஒன்று, தென்னை பன்னிரண்டு, வேலியோரம் கொல்லாமா (முந்திரி). காற்றில் ஒடிந்து விழும் கொம்புகளை அறுக்க பேட்டரியில் ஓடும் செயின் வாள் வாங்கலாமா என்று கேட்டார். அதற்கு இவர் எழுதிய பதில்: "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஒரு சார்ஜில் நாற்பது துண்டு றப்பர் மரம் அறுத்தேன். பெட்ரோல் வாளை இனிப் பழைய இரும்புக்குப் போடலாம்."

நாற்பது துண்டா? நானும் மரம் அறுக்கிறவன்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் விளையில் 210 மூடு றப்பர் மரத்தில் தொண்ணூறுக்கு மேல் சாய்ந்தன. சில வேரோடு பெயர்ந்தன, சில இடுப்பளவில் முறிந்தன. எட்டு நாள் கரண்ட் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியைத் திறந்து தந்தது என் 58 சிசி பெட்ரோல் வாள்தான். பச்சை றப்பரை அறுத்தால் பால் செயினில் ஒட்டும், மரத்தூளோடு சேர்ந்து களிபோல் இறுகும். அரை மணிக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி ஆணியால் சுரண்டி எடுத்தேன். அப்படி உழைத்த இயந்திரத்தைப் பழைய இரும்பு என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? முதலில் அந்த நாற்பதை நிரூபியுங்கள்.

தக்கலைக்காரன்:
அண்ணாச்சி, நாற்பது என்றால் நாற்பதுதான். என் மகள் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினாள். எட்டுக் கட்டுக் கோடு. நாற்பத்தொன்றாவது துண்டில் பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) பாதி இறங்கியபோது விளக்கு சிவந்து வாள் நின்றது. நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

கயிறு இழுத்துத் தோள் வலிக்கவில்லை. சட்டையில் புகை நாற்றம் இல்லை. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் தூங்கிய குழந்தை எழவில்லை. எழுபது சென்ட் விளைக்கு வேறென்ன வேண்டும்? ஒக்கி ஆண்டுதோறும் வருவதில்லை.

மார்த்தாண்டம் பட்டறை:
இரண்டு பேரும் எதைத் துண்டு என்கிறீர்கள்? கொம்பு நான்கு அங்குலமா, எட்டு அங்குலமா? குறுக்களவு இரண்டு மடங்கானால் வாள் அறுக்கிற பரப்பு நான்கு மடங்காகும். நான்கு அங்குலக் கொம்பில் நாற்பது துண்டு வரும் பேட்டரி, எட்டு அங்குலத் தடியில் பத்துத் துண்டுதான் தரும். பேட்டரி எத்தனை ஆம்பியர் மணி, அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதையும் சொல்லவில்லை. அது தெரியாமல் எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுவதில் பொருள் இல்லை.

தக்கலைக்காரன்:
40 வோல்ட், 4 ஆம்பியர் மணி, 14 அங்குல பார். மரம் றப்பர்.

மார்த்தாண்டம் பட்டறை:
பெட்டியில் 40 என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே பத்து செல் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் முழுச் சார்ஜில் ஏறக்குறைய 4 வோல்ட் காட்டும், வேலை செய்யும்போது சராசரி 3.6 வோல்ட். ஆகவே அது 36 வோல்ட் பேட்டரிதான். 36-ஐ 4-ஆல் பெருக்கினால் 144 வாட் மணி, ஒரு யூனிட் கரண்டில் ஏழில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் செயினுக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டருக்கு ஈடுகட்டப் பன்னிரண்டு சார்ஜ் வேண்டும். நாள் முழுக்கத் தோட்டம் அறுக்கிறவருக்குப் பெட்ரோல். மாதம் ஒருமுறை கொம்பு கழிக்கிறவருக்குப் பேட்டரி. இதில் சண்டைக்கு இடமே இல்லை.

குலசேகரம் விளைக்காரன்:
கேட்டீர்களா? பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். நாற்பது வோல்ட் என்பதே முப்பத்தாறுதான். பெட்டியிலேயே நான்கைக் கூட்டிப் போடுகிறவர்களின் பொருளை வாங்கிவிட்டு, நாற்பது துண்டு என்று இவர் சொன்னால் நான் ஏன் நம்ப வேண்டும்? அந்த நாற்பதில் எத்தனை கூட்டிப் போட்டது?

தக்கலைக்காரன்:
வோல்ட்டுக்கும் துண்டுக்கும் என்ன உறவு அண்ணாச்சி? பட்டறைக்காரர் சொன்ன மற்றவற்றை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டீர்களே! என் மகள் எண்ணியது நாற்பது. அவளைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

குலசேகரம் விளைக்காரன்:
குழந்தையை இழுக்காதீர்கள். நான் கேட்பது உங்களை. நாற்பது துண்டு அறுத்தேன் என்று எழுதியது உங்கள் கை.

அருமனை டீச்சர்:
ஐயா, என் நிலைமையைச் சொல்கிறேன். போன மாதம் பலாக் கொம்பு ஒன்று ஒடிந்து கிணற்றுச் சுவரில் கிடந்தது. ஆள் பிடிக்க ஒன்பது நாள் ஆனது. நான்கு வெட்டுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். உறவினர் வீட்டுப் பெட்ரோல் வாளைத் தூக்கிப் பார்த்தேன், கயிற்றை ஆறு முறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, வலது தோள் இரண்டு நாள் வலித்தது. கடையில் பேட்டரி வாளுக்குச் சொன்ன விலையில் பேட்டரியும் சார்ஜரும் இல்லையாம், தனியாக வாங்க வேண்டுமாம். அதையும் சேர்த்தால் தகுமா என்பதுதான் என் கேள்வி. வாள் துள்ளும் என்கிறார்களே, அது பேட்டரி வாளிலும் உண்டா?

மார்த்தாண்டம் பட்டறை:
உண்டு டீச்சர். பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் வாள் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். பெட்ரோல், பேட்டரி இரண்டிலும் அப்படித்தான். வாள் எகிறினால் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் உள்ள வாளாகப் பார்த்து வாங்குங்கள். நுனியால் அறுக்காதீர்கள், தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள், ஏணியில் நின்று அறுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. பேட்டரி வாளுக்கு எண்ணெய் வேண்டாம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில்தான் வேண்டாம். செயினுக்கு எண்ணெய் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பார் சூடேறி நீலம் பாய்ந்து கெட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிய பிறகே செயினில் கை வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள், வெயில் படும் தகரக் கொட்டகையில் வைக்க வேண்டாம். விழுகிற தூளைப் பாருங்கள். சீவல்போல் விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவுபோல் விழுந்தால் மழுங்கிவிட்டது, அரம் போட வேண்டும். மழுங்கிய செயினோடு அறுத்தால் பேட்டரி பாதி வேலையிலேயே தீர்ந்துவிடும்.

குலசேகரம் விளைக்காரன்:
டீச்சருக்கு நல்ல வார்த்தை சொன்னீர்கள். ஆனால் நாற்பதுக்குப் பதில் வரவில்லை. பச்சை மரமா, காய்ந்த மரமா? பால் வெட்டி முடித்த முப்பது வருட மரமா, நேற்று நட்ட கன்றா? அதைச் சொல்லாமல் நாற்பது, நாற்பது என்கிறார்.

பூதப்பாண்டி வயல்காரன்:
மூன்று நாளாகப் படிக்கிறேன். அது என்ன "றப்பர்"? றகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. நாகர்கோவிலில் இருப்பது அரசு ரப்பர் கழகம். அந்தப் பெயரைப் பார்த்தாவது எழுதக் கூடாதா? குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் மாவட்டத்தின் மேற்கே இருப்பவர்கள் மலையாளத்தை விடவில்லை.

குலசேகரம் விளைக்காரன்:
ரகரம் மட்டும் முதலில் வருமா? இலக்கணப்படிதான் எழுத வேண்டும் என்றால் "இரப்பர்" என்று எழுதுங்கள், நானும் மாற்றிக்கொள்கிறேன். எங்கள் அப்பா நட்ட மரத்தை எங்கள் வாயில் வருகிறபடிதான் சொல்வோம். தமிழ்நாட்டோடு சேர்ந்ததை எங்களிடமா சொல்கிறீர்கள்? 1954 ஆகஸ்டு 11 அன்று தமிழ்நாட்டோடு சேரப் போராடி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்தது யார்? அந்த மண்ணில் பிறந்தவர்களிடம் வந்து தமிழ் படிப்பிக்காதீர்கள்.

பூதப்பாண்டி வயல்காரன்:
அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எழுத்துப் பிழையைச் சொன்னேன், அவ்வளவுதான். இருக்கட்டும், தக்கலைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். அதே பதிவில் பனந்தடி ஒன்றும் அறுத்ததாக எழுதினீர்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்களே, அனுமதி வாங்கினீர்களா? மாநில மரம் அது.

தக்கலைக்காரன்:
இடி விழுந்து ஓலை கருகி, தானாகச் சாய்ந்த பனை. கீழே கிடந்ததை அறுத்தேன். நிற்கிற பனையில் கை வைக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் தாத்தா பனையேறி. பனையின் அருமையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

குலசேகரம் விளைக்காரன்:
பனந்தடியும் அறுத்தாரா! பனையின் புறவைரம் கம்பிபோல் இருக்கும். இரண்டு வெட்டில் செயின் மழுங்கும். பட்டறைக்காரர் என்ன சொன்னார்? மழுங்கினால் பேட்டரி பாதியில் தீரும் என்றார். அப்படியானால் பனையும் அறுத்து, நாற்பது துண்டு றப்பரும் எப்படி அறுத்தீர்கள்?

தக்கலைக்காரன்:
பனை அறுத்தது வேறு நாள். எழுதியதை முழுதாகப் படியுங்கள்.

குலசேகரம் விளைக்காரன்:
முழுதாகத்தான் படித்தேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாததா? போன ஓணத்துக்கு முந்தைய வாரம் என் பழைய வாளை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கிப் போனீர்கள். திரும்பி வந்தபோது பிஸ்டன் அசையாமல் இறுகிப் பிடித்திருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் கலக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறீர்கள். பெட்ரோல் வாளை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்தான் அதைப் பழைய இரும்பு என்பார்.

தக்கலைக்காரன்:
இதை இவ்வளவு நாள் மனத்தில் வைத்திருந்தீர்களா? நான் வெளியே பெட்ரோல் வாங்கவே இல்லை. வாளோடு நீங்கள் தந்த மஞ்சள் கேனில் இருந்ததைத்தான் ஊற்றினேன். கலந்தது என்று சொல்லித் தந்தது நீங்கள். ஊற்றும்போதே நிறம் வெளுப்பாக இருக்கிறதே என்று என் மனைவி சொன்னாள். உங்கள் மேல் இருந்த நம்பிக்கையில் ஊற்றினேன். அந்த நாளிலிருந்துதான் இனி யார் வாளும் வேண்டாம் என்று முடிவுசெய்து பேட்டரி வாள் வாங்கினேன்.

குலசேகரம் விளைக்காரன்:
மஞ்சள் கேனில் இருந்தது கலந்த பெட்ரோல். என் கையால் அளந்து ஊற்றியது.

மார்த்தாண்டம் பட்டறை:
அந்த வாள் என்னிடம்தான் வந்தது. பிஸ்டனின் பக்கத்தில் நெடுக்காகக் கோடு விழுந்திருந்தது. எண்ணெய் போதாமல் ஓடியது என்று அதை வைத்துச் சொல்லலாம். யார் கலக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதை விடுங்கள். டீச்சர், உங்கள் வேலைக்கு 12 அல்லது 14 அங்குல பார் போதும். கூட ஒரு பேட்டரி வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜ் ஏறட்டும். அயனி அடிமரத்தை மட்டும் ஆளிடம் விட்டுவிடுங்கள்.

அருமனை டீச்சர்:
நன்றி ஐயா. ஓணம் விடுமுறை தொடங்குவதற்குள் முடிவுசெய்ய வேண்டும். நாற்பது துண்டு எனக்கு வேண்டாம், பத்துத் துண்டு அறுத்தாலே போதும். ஆனால் மழையில் நனைந்த மரத்தை அறுக்கலாமா என்று யாரும் சொல்லவில்லையே.

குலசேகரம் விளைக்காரன்:
டீச்சர், பத்தோ பதினைந்தோ, அது உங்கள் விருப்பம். ஆனால் இங்கே பொய்க் கணக்கு நிற்கக் கூடாது. தக்கலைக்காரரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை என் விளைக்கு வாருங்கள். போன மாதம் முறித்த றப்பர் அடுக்கிக் கிடக்கிறது. ஒரே சார்ஜ். எல்லோரும் பார்க்க நாற்பது துண்டு அறுத்துக் காட்டுங்கள்.

தக்கலைக்காரன்:
ஞாயிறு காலை ஆராதனை முடிந்து பதினொன்றுக்கு வருகிறேன். மகளையும் நோட்டையும் கொண்டுவருகிறேன். நீங்கள் அந்த மஞ்சள் கேனை வெளியே எடுத்து வையுங்கள். பிஸ்டன் கணக்கு தீராமல் ஒரு துண்டுகூட அறுக்க மாட்டேன்.

குலசேகரம் விளைக்காரன்:
கேனுக்கும் நாற்பதுக்கும் என்ன உறவு?