போர்சேகி படங்கள்: ஊமைப்படத்துக்கு வேகம் குறைக்கணுமா?

கோட்டார்வாசி:
நாகர்கோவிலில் சின்ன ஹால் ஒன்றில் மூணு ஞாயிறு ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் போர்சேஜ் படங்கள் திரையிடப் போறோம். லேப்டாப், புரொஜக்டர், 10 அடி அகலத் திரை. ‘செவன்த் ஹெவன்’ (1927) ஊமைப்படம்தானே, வேகத்தை நொடிக்கு 18 ஃபிரேமுக்கு இறக்கணுமா? அடுத்த ரெண்டு வாரம் எதைப் போடலாம்? தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

தக்கலைக்காரன்:
இறக்காதீங்க. ஃபாக்ஸ் கம்பெனி அதை மூவிடோன் இசைத்தடத்தோடும் வெளியிட்டது. ஃபிலிம் ஓரத்திலேயே இசை இருப்பதால் வேகம் 24 ஃபிரேம், மாறாது. 18 ஆக்கினா மூணு நிமிஷக் காட்சி நாலு நிமிஷமா இழுக்கும். இசையும் கூடவே இழுபடும். 16, 18 எல்லாம் கையால் கேமரா சுற்றின காலத்துப் படங்களுக்கு.

இன்னொன்று, ஒலித்தடம் இடத்தை எடுத்துக்கொள்வதால் படம் கிட்டத்தட்ட சதுரம், 1.19:1. உங்க திரை 16:9 என்றால் உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே. படம் நடுவில் சுமார் 6 அடி 8 அங்குலம்தான் விழும். ரெண்டு பக்கமும் கறுப்பாவே கிடக்கட்டும். ஜூம் போட்டு நிரப்பினா மேலும் கீழும் வெட்டுப்படும். ஏழு மாடிப் படியேறும் காட்சியில் ஜோடியோடு கேமராவும் லிஃப்டில் ஏறும். ஒவ்வொரு தளமாக் கீழே நழுவுறது முழுசாத் தெரிஞ்சாத்தான் அந்த உயரம் நெஞ்சில் ஏறும்.

தோவாளை மலர்:
பேரு போர்சேகி தம்பி, கடைசியில் ‘ஜ்’ கிடையாது. 1894-ல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்து, நடிகரா நுழைஞ்சு இயக்குநர் ஆனவர். 1929-ல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில், டிராமா படங்களுக்கான இயக்குநர் விருது ‘செவன்த் ஹெவன்’ படத்துக்குத்தான். ‘பேட் கேர்ள்’ (1931) இரண்டாவது விருது வாங்கித் தந்தது.

அதைவிட அவரைப் புரிஞ்சுக்க ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ (1932), பிறகு ‘தி மார்ட்டல் ஸ்டார்ம்’ (1940) போடுங்க. ‘செவன்த் ஹெவன்’, ‘ஃபேர்வெல்’ ரெண்டிலும் காதலர்களைப் பிரிப்பது முதல் உலகப்போர், ‘மார்ட்டல் ஸ்டார்ம்’ படத்தில் நாஜி ஆட்சி. வெளியே ஊரே பற்றி எரியும். அவர் கேமரா ரெண்டு முகத்தை விட்டு நகராது. பாராமவுண்ட், எம்.ஜி.எம். என்று கம்பெனி மாறியும் அந்தப் பார்வை மாறலை.

குளச்சல் அலை:
‘ஃபேர்வெல்’ காப்பியை முதலில் நேரம் பாருங்க. முழுப்படம் 89 நிமிஷம். 80-க்குக் கீழே இருந்தா தணிக்கைக்காக வெட்டின மறுவெளியீட்டுப் பிரதி. போர்சேகியோட ‘தி ரிவர்’ யாராவது கேட்டா, அதில் பெரும் பகுதி தொலைஞ்சு போச்சு என்று சொல்லிடுங்க. நம்ம அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் ‘விகதகுமாரன்’ ஒரு சுருள்கூட மிஞ்சலையே, அதை நினைச்சா மிஞ்சினதையாவது முழு அளவில் காட்டணும்.