மோர்ட்டனில் தொடங்கி மோர்ட்டனிலேயே முடித்தோம்: கோட்ஸ்வோல்ட்ஸ் நடை

நடைப்பைத்தியம்:

போன மே மாதம் நானும் வீட்டுக்காரரும் இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட்ஸ் என்கிற குன்றுப் பகுதியில் ஆறு நாள் நடந்துவிட்டு வந்தோம். லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ். அங்கே இறங்கி பிளாக்லி, சிப்பிங் கேம்டன், பிராட்வே, ஸ்டான்டன், வின்ச்கம், போர்ட்டன்-ஆன்-த-வாட்டர், ஸ்டோ என்று ஒரு வட்டம் அடித்து மறுபடியும் மோர்ட்டன். எல்லாம் சேர்த்து 90 கிலோமீட்டர், கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். தேன் நிறக் கல்வீடுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அந்தப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வழியில் பார்த்த மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் நாளே சண்டை. வரைபடத்தில் பொதுவழி என்று போட்டிருக்கிறது, மஞ்சள் அம்புக்குறியும் இருக்கிறது, ஆனால் வழி ஒரு வீட்டுக் கொல்லைக்குள் போகிறது. "அடுத்தவன் தோட்டத்துக்குள் எப்படி நுழைவது, நாயை அவிழ்த்து விட்டால்?" என்று இவர் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே ரோஜாச் செடிக்குக் கத்தரி போட்டுக்கொண்டிருந்த பாட்டி தலையைக்கூட நிமிர்த்தாமல், நேராகப் போங்கள், கதவை மட்டும் சாத்திவிடுங்கள் என்றார். பொதுவழி என்று பதிவாகிவிட்டால் நிலத்துக்காரர் தடுக்க முடியாது, பயிர் நடுவே போனாலும் நடக்கத் தடம் விட்டாக வேண்டும். சட்டம் எனக்கு முன்பே தெரியும். அந்தப் பாட்டி நிமிராமல் சொன்னதைக் கேட்ட பிறகுதான் நம்பிக்கை வந்தது.

சிப்பிங் கேம்டனில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இருக்கிறது, தரையெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து கிடக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது செயிண்ட் ஜேம்ஸ் தேவாலயம். உள்ளே பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த அம்மா எங்களைக் கூட்டிப்போய்த் தரையில் பதித்த ஒரு பித்தளைத் தகட்டைக் காட்டினார். வில்லியம் கிரெவெல், 1401-இல் இறந்த கம்பளி வியாபாரி. இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கம்பளி வணிகர்களின் மலர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. "அவர் இல்லையென்றால் ஆடு, ஆடு இல்லையென்றால் மழை, இந்த மூன்றும்தான் எங்கள் ஊர்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மறுபடி பூ வேலைக்குப் போய்விட்டார். பெரிய தேவாலயங்கள் எல்லாம் கம்பளிக் காசில் எழும்பியவை. பிறகு நெசவு ஆலைகள் வடக்கே பெருகின, இங்கே பணம் வற்றியது, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. நாம் இன்று அழகு என்று பார்ப்பதில் பாதி அந்த வறுமையால் மிஞ்சியதுதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் பிராட்வே கோபுரம். 1798-இல் ஒரு சீமாட்டிக்காகக் கட்டியது, உயரம் 20 மீட்டர்தான், ஆனால் நிற்பது 312 மீட்டர் மேட்டில். காற்று ஆளைத் தள்ளுகிறது. அன்று மாலை ஸ்டான்டன் போய்ச் சேர்ந்தால் எங்கள் பெட்டி வரவில்லை. பெட்டியை ஒவ்வொரு நாளும் அடுத்த விடுதிக்குக் கொண்டு சேர்க்க ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டியிருந்தோம், அவர்கள் வேறு ஊரில் இறக்கிவிட்டார்கள். ராத்திரி பத்து மணி வரை ஈரச் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். பருப்புப் பொடியும் அந்தப் பெட்டிக்குள்தான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கிராமத்து பப்பில் ரொட்டி, சீஸ், ஊறுகாய் கிடைத்துவிடும், மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே அழுகை வரும். பொடியைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வின்ச்கமில் எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார் புதைக்கப்பட்ட சூட்லி கோட்டை இருக்கிறது. ஆனால் எங்கள் விடுதிக்கார அம்மாவுக்கு ராணியைப் பற்றிப் பேச்சே இல்லை. 2021 பிப்ரவரி 28 இரவு அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் விண்கல் விழுந்து கரித்தூள் மாதிரிச் சிதறியதாம், 450 கோடி வருஷத்துக்கு மேல் பழையதாம். காலை டீயிலிருந்து நாங்கள் பூட்ஸ் மாட்டும் வரை அதே கதை. தன் வாசலில் விழவில்லையே என்கிற குறை குரலில் தெரிந்தது.

நான்காம் நாள்தான் நீளம், 22 கிலோமீட்டர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சேறு. ஐந்தாம் நாள் அப்பர் ஸ்லாட்டர். இங்கே ஒவ்வொரு ஊரிலும் போரில் செத்தவர்களின் பெயர்ப்பலகையை நின்று படிப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இந்த ஊரிலிருந்து இரண்டு உலகப் போருக்கும் போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள். ஸ்லாட்டர் என்றால் வெட்டு, கொலை என்றுதான் நாம் நினைப்போம். ஊர்ப்பெயர் வந்தது சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்தாம்.

கடைசி நாள் லாங்பரோ தாண்டி ஆட்டு மேய்ச்சலில் நடந்துகொண்டிருக்கிறோம், மரங்களுக்கு நடுவே பச்சை பிடித்த செம்புக் குமிழ்மாடம். முகலாயர் மாளிகை! செசின்கோட். கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்து வந்த சார்ல்ஸ் காக்கரெல் 1805 வாக்கில் தன் அண்ணனை வைத்துக் கட்டிய வீடு. கம்பளிக் காசு ஒரு பக்கம், நம் பக்கத்துக் காசு இன்னொரு பக்கம். எதிரே நாயோடு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, மறுபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சிரித்தோம்.

பால்டப்பா:

அக்கா, மாட்டை விட்டுவிட்டீர்களே. நான் மணப்பாறைக்காரன், மாட்டுச் சந்தையிலேயே வளர்ந்தவன். வின்ச்கம் மேலே பெலாஸ் நாப் என்கிற கற்காலப் புதைமேட்டுக்குப் போகும்போது வயலில் கன்றோடு பத்துப் பதினைந்து மாடு நின்றது. நமக்குத் தெரியாத மாடா என்று கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகுந்து போனேன். அந்த மாட்டுக்குத் தமிழ் தெரியவில்லை. கூட வந்த வெள்ளைக்கார நண்பன் ஓடாதே, ஓரமாக மெதுவாக நட என்று கத்தினான், நான் அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளுக்குள் கிடந்தேன். கன்று இருந்தால் சுற்றிப் போங்கள், நாயோடு போகும்போது மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

அப்புறம் செசின்கோட்டில் காசு கட்டித் தோட்டத்துக்குள் போயிருக்க வேண்டும் அக்கா. பாலத்தின்மேல் நந்தி உட்கார்ந்திருக்கிறது. சூரியனுக்குக் கோவில்கூட இருக்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துப் போங்கள்.

கொக்குவில்காரன்:

அக்கா, நீங்கள் பிளாக்லியில் இருந்து கேம்டனுக்கு நடந்தால் பிராட் கேம்டன் ஊடாகத்தானே போயிருப்பீர்கள்? அங்கே நார்மன் சப்பல் என்று ஒரு பழைய வீடு, முன்பு சிற்றாலயமாக இருந்தது. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1907-இல் குடிவந்த வீடு அது. கொழும்பில் பிறந்தவர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன். லண்டன் கிழக்குப் பகுதியில் இருந்து கைவினைஞர்களைக் குடும்பத்தோடு 1902-இல் கேம்டனுக்குக் கூட்டிவந்த கட்டடக் கலைஞர் ஆஷ்பீதான் அந்த இடிந்த கட்டடத்தை அவருக்காக வீடாக்கிக் கொடுத்தவர். சிங்களக் கலைகள் பற்றித் தான் எழுதிய பெரிய நூலை குமாரசுவாமி அங்கேயே வைத்து 425 பிரதிகள் அச்சடித்தார், ஆங்கிலக் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மோரிஸின் பழைய அச்சு இயந்திரத்தில். நான் இரண்டு முறை போய் வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். தனியார் வீடு, தட்டக்கூடாது.

நடைப்பைத்தியம்:

தம்பி, வயிறு எரிகிறது. பிராட் கேம்டனில் ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டோம், அது அந்த வீட்டு மதிலாக இருக்குமோ என்று இப்போது போனில் படத்தைத் தேடிப் பார்த்தேன். ஆரஞ்சும் இவர் கையும் மட்டும்தான் இருக்கிறது.