ஓரமாகக் கிடக்கிற ராக் ஆல்பம் ஒன்று உங்கள் கைக்கு எப்படி வந்தது?

எடிசன், நியூ ஜெர்சி

பட்டியல் வேண்டாம். 'சாவதற்குள் கேட்க வேண்டிய ஐம்பது ஆல்பம்' வகைப் பட்டியல்கள் ஊர்ப்பட்டது இருக்கின்றன, ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டு முடித்ததில்லை. சின்ன கம்பெனி வெளியிட்டு, சின்னக் கூட்டம் கேட்டு, அப்படியே ஓரமாகக் கிடக்கிற இண்டி ராக் ஆல்பம் ஒன்று உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்கா வந்த புதிதில் சீகாகஸ் என்ற ஊரில் இன்னும் இரண்டு பேரோடு அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கியிருந்தேன். ஊர்ப் பெயரை 'செகாக்கஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளையண்ட் ஆபீஸில் டேட்டாபேஸ் பார்க்கிற அமெரிக்கர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒருநாள் திருத்தினார். அழுத்தம் முதல் எழுத்தில் வர வேண்டுமாம். திருத்திய கையோடு, "அந்தப் பெயரிலேயே ஒரு ஆல்பம் இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர் அது. அதன் பெயரில் யார் ஆல்பம் போடுவார்கள்? மறுநாள் இரண்டு சிடி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் தி ரென்ஸ் என்ற குழு போட்டவை. 1996-ல் வந்த 'சீகாகஸ்', 2003-ல் வந்த 'தி மெடோலாண்ட்ஸ்'.

முதலாவது உடனே பிடித்துவிட்டது. துள்ளலான பாட்டுகள், நல்ல மெட்டு. இரண்டாவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பாடுகிறவரின் குரல் கிடார் சத்தத்துக்குள் போர்வை மூடிப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. ஐபாடில் ஏற்றினேன், மறந்தேன்.

அப்புறம் கல்யாணம், குழந்தை, எடிசனுக்கு வீடு மாற்றம். மன்ஹாட்டனுக்குத் தினமும் ரயில். நியூவர்க் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுப்பு நிலம் வரும். ஆள் உயரத்துக்கு மேல் நாணல், நடுவில் மின்கோபுரங்கள், அந்தப் பக்கம் குடோன்கள், அதற்கும் அப்பால் மன்ஹாட்டன் கட்டடங்கள் பொம்மை அளவில். அந்தச் சதுப்புக்குப் பெயரே மெடோலாண்ட்ஸ்தான். வருடக்கணக்கில் அதன் நடுவே போய் வந்தவனுக்கு ஐபாடில் கிடக்கிற ஆல்பத்தின் ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

ஒரு அக்டோபர் மாதம். பையனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்து மதியமே கிளம்பிவிட்டேன். சீகாகஸ் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. முன்னால் ஆற்றுக்குக் குறுக்கே 1910-ல் கட்டிய பாலம். படகு வந்தால் நடுப்பகுதி அப்படியே அச்சில் சுழன்று வழிவிடும். வழிவிட்டபின் சில நேரம் திரும்ப வந்து சரியாகப் பொருந்தாது, ஆட்கள் போய்ச் சம்மட்டியால் அடித்துப் பொருத்துவார்கள். இரண்டு பக்கமும் ரயில்கள் வரிசை கட்டி நிற்கும். அன்றைக்கும் அதுதான் என்று அறிவித்தார்கள். பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

ஐபாடை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. ஜன்னலுக்கு வெளியே மெடோலாண்ட்ஸ், திரையிலும் மெடோலாண்ட்ஸ். சரி என்று முதலிலிருந்து போட்டேன். சில்வண்டுச் சத்தம் கேட்டது. ஜன்னலே திறக்க முடியாத ரயிலில் சில்வண்டு எங்கிருந்து என்று இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். ஏசி இரைச்சல் மட்டும். மாட்டினேன், மறுபடி சில்வண்டு. ஆல்பமே அப்படித்தான் தொடங்குகிறது. ராத்திரி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து ஒருவர் தனக்குத்தானே முணுமுணுக்கிற மாதிரி ஒரு சின்னப் பாட்டு. நினைத்த இடத்துக்குப் பக்கத்தில்கூட வந்து சேரவில்லை என்கிற கணக்கு அதில் இருக்கிறது. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

இவர்கள் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன். நாலு பேர், அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. 'சீகாகஸ்' வந்த சமயத்தில் அவர்களுடைய கம்பெனி கை மாறிவிட்டது. புது முதலாளி பெரிய தொகைக்கு ஒப்பந்தம் நீட்டினார், இவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். உறவு முறிந்தது. அந்தக் கம்பெனி பெயர் மாற்றிக்கொண்டு, க்ரீட் என்ற இன்னொரு குழுவை வைத்துக் கோடிக்கணக்கில் விற்றது. இவர்கள் பகலில் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டு, மிச்ச நேரத்தில் வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்து, அழித்து, திரும்பச் செய்து, ஏழு வருடம் கழித்து அடுத்த ஆல்பத்தை ஒரு குட்டி கம்பெனி மூலம் கொண்டுவந்தார்கள். எனக்கு மங்கலாகக் கேட்ட சத்தம் ஸ்டுடியோவில் சொதப்பியது இல்லையாம். வீட்டு ஹாலில் வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சத்தம்.

ரயில் முக்கால் மணி நேரம் நின்றது. நாணல் பழுப்பாகியிருந்தது, ஓரமாகத் தேங்கிய தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கொக்குகள். கடைசிப் பாட்டில் ஒருவர் பியானோவைத் தட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார், அத்தோடு முடிந்துவிடுகிறது. ரயில் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. இறங்கும்போது நியூவர்க், மெட்ரோபார்க் எல்லாம் எப்போது வந்தன என்றே தெரியவில்லை.

விமர்சகர்களுக்கு இந்த ஆல்பம் தெரியும். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் பத்துக்கு 9.5 போட்டது. ஆனால் எங்கள் ஊர் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் சாமான் வாங்க வருகிற நூறு பேரை நிறுத்திக் கேளுங்கள், நம் ஆள், அமெரிக்கன் யாராக இருந்தாலும் சரி, ஒருவருக்கும் தெரியாது.

* * *

ஹோபோக்கன்

ஜெர்சி என்று ஆரம்பித்துவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியுமா? எனக்கு தி ஃபீலிஸ். பாட்டர்சனுக்குப் பக்கத்தில் ஹேலடன் என்ற ஊர்க்காரர்கள். ஆல்பம் 'கிரேஸி ரிதம்ஸ்', 1980. நீலப் பின்னணியில் நாலு பேர் நிற்கிற அட்டை. வீஸர் குழுவின் 1994 ஆல்பத்தின் அட்டையும் நீலம், அதிலும் நாலு பேர். பழைய ரெக்கார்டுக் கடையில் வீஸர் என்று நினைத்துத்தான் எடுத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் சத்தமே இல்லை. ஊசியைத் துடைத்தேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். வால்யூமைத் திருகினேன், இன்னும் திருகினேன். எங்கோ மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரி டொக், டொக். ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று முடிவுகட்டி எழுந்தபோது இரண்டு கிடாரும் முழு வேகத்தில் உள்ளே வந்தன. கீழ்வீட்டுப் பாட்டி துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அப்படி ஓசையில்லாமல் தொடங்கி வேகமெடுப்பது அவர்கள் வேண்டுமென்றே செய்தது.

இவர்களுக்கு அவசரம் என்பதே கிடையாது. பண்டிகை விடுமுறைகளில் மட்டும் மேடையேறுகிற குழு என்று ஆரம்பத்திலேயே பெயர் வாங்கிவிட்டார்கள். இரண்டாவது ஆல்பம் 1986-ல்தான் வந்தது, அதைத் தயாரித்ததில் ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக்குக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊரில் மேக்ஸ்வெல்ஸ் என்று ஒரு பார் இருந்தது. பின்கட்டில் கொட்டகை அளவுக்கு ஒரு அறை, அதில்தான் கச்சேரி. ஒரு ஜூலை 4 விடுமுறையில் அங்கே அவர்களைப் பார்த்தேன். மேடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. ஆனால் முடிந்தது என்று போவார்கள், கூட்டம் கத்தும், திரும்ப வந்து வாசிப்பார்கள். இப்படி எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தை 2013-ல் மூடிவிட்டார்கள்.

* * *

லண்டன்

நான் ரெண்டே வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன் அண்ணா. லாக்டவுன் சமயத்தில் எல்லாரும் போனில் ஒரே பதினைந்து விநாடிப் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பெண் யாரோ என்று தேடினால் பாட்டு இருக்கிற ஆல்பம் 2001-ல் வந்தது, எனக்கு அப்போது ஒரு வயது. கிளாஸ்கோவின் லைஃப் வித்தவுட் பில்டிங்ஸ் என்ற குழு, ஆல்பம் 'எனி அதர் சிட்டி'. பாடகி சூ டாம்ப்கின்ஸ் பாடவே மாட்டார். பேசுவார், ஒரே சொல்லைப் பத்துத் தடவை திருப்பிப் போட்டு, பாதியில் விட்டு, திரும்பப் பிடித்து. முதலில் எரிச்சலாக வரும், மூன்றாவது தடவை நீங்களே பஸ்ஸில் அப்படி முனகிக்கொண்டிருப்பீர்கள். போட்டது அந்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம், கலைந்துவிட்டார்கள். அவர் ஓவியம், நிகழ்த்துகலை என்று போய்விட்டார்.

அப்புறம், மெடோலாண்ட்ஸை ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு தடவையும் தூங்கிவிட்டேன். ஸாரி.

* * *

பிரிஸ்பேன்

அண்ணை, உங்களுக்கு ரயிலில் கிடைத்தது, எனக்குப் பாலத்தில். நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். வேலைக்குப் போக ஆற்றைத் தாண்டவேணும், ஒவ்வொரு முறையும் காசு கட்டிற பாலம். 2010-ல் திறந்தது. பெயர் 'கோ பிட்வீன் பிரிட்ஜ்'. ரெண்டு கரைக்கும் இடையில் போகிறபடியால் அந்தப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையிடத்தில் ஒரு கிழவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்: அது இந்த ஊர்ப் பாட்டுக் குழுவின் பெயர், தி கோ-பிட்வீன்ஸ். சனங்களிடம் வாக்குக் கேட்டுத்தான் வைத்ததாம். ஊரே கூடிப் பாலத்துக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு என்ன பாடினார்கள் என்று பார்க்கவேணும் போல் இருந்தது.

ரொபேர்ட் ஃபோர்ஸ்டர், கிராண்ட் மக்லெனன், ரெண்டு பேரும் பல்கலைக்கழகச் சிநேகிதர்கள். எண்பதுகளில் ஆறு ஆல்பம் போட்டார்கள், எல்லாம் பத்திரிகைகள் புகழ்ந்தவை, காசு பார்த்தது ஒன்றுமில்லை. கனபேர் 1988-ல் வந்த '16 லவர்ஸ் லேன்' பற்றித்தான் கதைப்பார்கள். நல்ல வெயில் பிடித்த ஆல்பம். நான் சொல்ல வந்தது 1983-ல் வந்த 'பிஃபோர் ஹாலிவுட்'. அதில் 'கேட்டில் அண்ட் கேன்' என்று ஒரு பாட்டு. வடக்குக் குயின்ஸ்லாந்தில் கரும்புத் தோட்டங்களுக்கிடையே வீட்டுக்குத் திரும்புகிற பள்ளிக்கூடப் பொடியன், தகப்பனின் கைக்கடிகாரம், அதைத் தொலைத்தது. சின்ன வயசிலேயே தகப்பனை இழந்த மக்லெனன் எழுதினது.

பாலத்தில் கார் ஓடிக்கொண்டு கேட்கேக்க ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன், கை இடறியது. திரும்ப முதலில் இருந்து போட்டேன், திரும்பவும் இடறியது. என் தங்கச்சி மிருதங்கம் பழகினவள். கூப்பிட்டு ஃபோனில் போட்டுக் காட்டினேன். மற்றப் பக்கம் மேசையில் தட்டிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அஞ்சு, ரெண்டு, நாலு. பதினொண்டு அண்ணா. ஆர் இந்தத் தாளம் அடிக்கிறது?" லிண்டி மொரிசன் என்ற பெண் என்று சொன்னேன். அதுக்குப் பிறகு எனக்கு இடறவில்லை. ஆனால் எண்ணாமல் கேட்க இன்னும் வரேல்லை.

மக்லெனன் 2006-ல் நாற்பத்தெட்டு வயசில் போய்விட்டார், வீட்டில் விருந்துக்கு ஆட்கள் வர இருந்த அன்றைக்கு. பாலம் அதுக்கு நாலு வருஷம் கழிச்சு.

* * *

சென்னை

எல்லாரும் கடல் தாண்டியே இருக்கிறீர்களே. நம்ம ஊர் தி எஃப்16ஸ் குழுவின் 'ட்ரிகர்புங்க்டே', 2016. கல்லூரி விழாவில் வேறு யாருக்காகவோ காத்திருந்தபோது தோழி ஒரு காதில் மாட்டிவிட்டாள். சென்னைப் பையன்கள் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை, ஆங்கிலப் பாட்டு, பளபளப்பான கீபோர்டு. மறுநாள் ஈசிஆரில் பஸ்ஸில் போகும்போது முழுசாகக் கேட்டேன், நம்பினேன். வேர்வையும் சலிப்பும் உள்ளே இருக்கிறது. இங்கே நண்பர்களிடம் சொன்னால், "தமிழில் பாடுவார்களா?" என்பதே முதல் கேள்வி. இல்லை என்றதும் பேச்சு மாறிவிடும்.

* * *

எடிசன், நியூ ஜெர்சி

பிரிஸ்பேன் தம்பி, பாட்டைப் போட்டு நானும் எண்ணினேன், ஏழாவதிலேயே தொலைந்துவிட்டேன். தங்கச்சிக்கு என் வணக்கம்.

லண்டன் தங்கைக்கு: தூங்கியதில் தப்பில்லை, நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். ரென்ஸ் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அடுத்த ஆல்பம் வருகிறது, வருகிறது என்று பதினைந்து வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வரவில்லை. அவர்களுக்குள்ளேயே கசந்துவிட்டது. அந்த அண்ணன் தம்பியில் ஒருவரான கெவின் வேலன் பொறுமையிழந்து, அந்த ஆல்பத்துக்காக வைத்திருந்த பாட்டுகளையும் சேர்த்து 2021-ல் ஏயான் ஸ்டேஷன் என்ற பெயரில் 'அப்சர்வேட்டரி' என்று வெளியிட்டார். நல்ல ஆல்பம்தான். ஆனால் இன்னொருவர் குரல் வர வேண்டிய இடம் காலியாக இருப்பது எனக்குக் கேட்கிறது, அது என் கோளாறாகவும் இருக்கலாம்.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே உயரமாகப் புதுப் பாலம் கட்டியிருக்கிறார்கள், படகு அடியிலேயே போய்விடும், திறந்து மூட வேண்டிய வேலை இல்லை. போன மாதம் பையனை மன்ஹாட்டன் கூட்டிப்போகும்போது ஜன்னல் வழியே காட்டினேன். அப்போது காய்ச்சலில் கிடந்த அதே பையன்தான், இப்போது என் தோள் உயரம். ஒரு இயர்போனை அவன் காதில் மாட்டி மெடோலாண்ட்ஸைப் போட்டேன். "என்னப்பா, பூச்சி கத்துது?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கி அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டான்.