புதுப்பிப்பு: லடாக் குளிரில் டீசல் எஸ்யூவி

டீசல் உறையாமலிருக்க மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகளுக்கு அது வேண்டவே வேண்டாம். டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கும், அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு, உலோகம் தேய்ந்துவிடும்.

2019 நவம்பர் முதல் இந்தியன் ஆயில் லடாக்கில் குளிர்கால டீசல் விற்கிறது. மைனஸ் 33 டிகிரியிலும் அது இறுகாமல் ஓடும். ஆனால் சமவெளியில் போட்ட டீசல் டேங்கில் நிறைய மிச்சமிருந்தால் பலன் குறையும். கால் டேங்குக்கு வந்ததும் லேயில் முழுதாக நிரப்புங்கள்.

குளிரில் டீசலிலுள்ள மெழுகு இறுகும். அது முதலில் அடைப்பது டீசல் ஃபில்டரைத்தான். அதனால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடங்களில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடிதான், நடுவே ஒரு நிமிட இடைவெளி. இல்லாவிட்டால் பேட்டரியும் போகும். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரைச் சுற்றிக் கட்டுங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது பழைய லாரி வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிர் போகும்.

ஃபில்டரில் தேங்கும் தண்ணீரைக் குளிருக்கு முன்பே வடித்துவிடுங்கள். ராத்திரி நிறுத்தும்போது கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டால் ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும்.