ஹாக்வார்ட்ஸ் லெகோ: 71043 பெரிய கோட்டையா, 76419 சின்னக் கோட்டையா? திருவான்மியூர் வீட்டுக்கு எது சரிவரும்?

வான்மியூர்வாசி:

வணக்கம். ஹாரி பாட்டர் வரிசையில் வந்த லெகோ ஹாக்வார்ட்ஸ் கோட்டை ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். பார்த்து வைத்திருப்பது இரண்டு (எண்கள் செட் எண்கள்): 2018-ல் வந்த 71043, மொத்தம் 6,020 பீஸ், 2023-ல் வந்த 76419, மொத்தம் 2,660 பீஸ். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குப் பெரியது தகுமா?

வீடு கடற்கரைக்குப் பக்கம், மூன்றாவது மாடி. வைக்க நினைக்கும் இடம் ஹாலில் டிவி யூனிட்டின் மேல்தட்டு. ஆழம் 40 செ.மீ., பின்னால் சுவர், எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். பத்து வயது மகளும் சேர்ந்து கட்டுவாள். கட்டும்போது எங்கே தப்பு நடக்கும், உப்புக்காற்றுக்கும் தூசிக்கும் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

கல்லடுக்கு:

விலையை அப்புறம் பேசலாம். முதல்ல இடம். 71043 கட்டி முடிச்சா உயரம் 58 செ.மீ., அகலம் 69, ஆழம் 43. உங்க தட்டு 40. மூணு செ.மீ. தானேன்னு விடாதீங்க. அடிப்பாறையோட விளிம்பு தட்டை விட்டு வெளியே நிக்கும், வீடு துடைக்கிற துணி மாட்டினாலே ஒரு ஓரம் பெயர்ந்து வரும்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கோட்டைக்கு இரண்டு முகம். முன்பக்கம் பாறை, சுவர், கோபுரம். பின்பக்கம் சுவரே கிடையாது, எல்லா அறையும் திறந்தே இருக்கும். பெருங்கூடம், நகரும் படிக்கட்டு, மருந்து வகுப்பு, சதுரங்க அறை, அம்பிரிட்ஜ் டீச்சரோட ரோஸ் கலர் அறை, கீழே ரகசிய அறை எல்லாம் அந்தப் பக்கம்தான். இந்த செட்டோட உயிரே அங்கதான் இருக்கு. சுவரை ஒட்டி வெச்சீங்கன்னா பாதிக் காசு சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கும்.

அடியில சுழல் பலகை போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம். ஆனா 69-க்கு 43 இருக்கிற ஒரு பொருளோட மூலைவிட்டம் 81 செ.மீ.க்கு மேல வரும். அது இடிக்காம ஒரு சுற்று சுற்ற 82 செ.மீ. விட்டத்துக்கு வெற்றிடம் வேணும். டிவி யூனிட்ல அது நடக்காது. தனி மேசை, சுவரிலிருந்து தள்ளி. அதுக்கு ஹால்ல இடம் இருந்தா 71043 வாங்குங்க, ரெண்டாவது யோசனை வேண்டாம்.

இடம் இல்லைன்னா 76419. அகலம் 35, ஆழம் 25, உயரம் 21 செ.மீ. உங்க தட்டுல தாராளமா உட்காரும், நாலு பக்கமும் பார்க்கற மாதிரி கட்டியிருப்பாங்க. பாலம், படகுத்துறை, ஏரின்னு வளாகம் முழுசும் வரும். வெளித்தோற்றத்தோட அழகுல பெரியதைவிட இது ஒரு படி மேலன்னுதான் நான் சொல்வேன். ஆனா உள் அறைகளை விரலால தொட்டுத் தொட்டுப் பார்க்கிற சுகம் இதுல கிடையாது.

மகள் விஷயம்: 71043 பெட்டியில 16+, 76419 பெட்டியில 18+ போட்டிருக்கும். பத்து வயசுப் பொண்ணு பீஸ் எடுத்துக் கொடுக்கலாம், கோபுரங்களைத் தனியாவே கட்டலாம், கஷ்டமே இல்ல. ஆனா கட்டின பிறகு விளையாட ரெண்டுமே உதவாது. 71043-ல வர்ற 27 மைக்ரோஃபிகரும் (குட்டிப் பொம்மை) ஒரு ஸ்டட், அதாவது பீஸ் மேல இருக்கிற ஒரு குமிழ், அகலம்தான். கதையில வர்ற டிமென்டர் பேய் 5 பேரும் அதே மாதிரி குட்டி. நாலு இல்லத்தையும் நிறுவினவங்க மட்டும் வழக்கமான மினிஃபிகரா (லெகோவோட சாதாரண அளவு மனுஷப் பொம்மை) வருவாங்க, அவங்க கோட்டைக்குள்ள நுழையவே முடியாது, தனி ஸ்டாண்டுலதான் நிப்பாங்க. அவளுக்கு விளையாடத்தான் ஆசைன்னா 2024-ல வந்த பெருங்கூடம், 76435, 1,732 பீஸ், அதைப் பாருங்க. அது மினிஃபிகர் அளவுக்கே கட்டினது.

பிளேட்டும் டைலும்:

கட்டுவதைப் பற்றி எழுதுகிறேன். பெரியதை வாங்கினால் இதெல்லாம் வேண்டும், சின்னதுக்கும் பாதி பொருந்தும்.

முதல் பையைப் பிரிக்கும் முன் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, 73-க்கு 47 செ.மீ. அளவில் வெட்டி வாங்கி, அதன் மேலேயே கட்ட ஆரம்பியுங்கள். முடிந்த கோட்டையை வெறும் கையால் தூக்கினால் அடித்தட்டு நடுவில் வளையும், பாறைக்கும் சுவருக்கும் இடையில் விரிசல் விடும். பலகையோடு இரண்டு பேர் தூக்கினால் ஒன்றும் ஆகாது.

வெளிச்சம் முக்கியம். மஞ்சள் பல்பின் கீழே டேன் என்னும் மணல் நிறமும் டார்க் டேனும் ஒன்றுபோலத் தெரியும், இரண்டு சாம்பல் நிறங்களும் அப்படியே. கையேட்டின் அச்சிலும் வித்தியாசம் மெல்லியதுதான். வெள்ளை எல்இடி டியூப்லைட்டின் கீழே உட்காருங்கள். பீஸ்களைப் பிரித்துப் போட வீட்டு எவர்சில்வர் தட்டுகளே போதும்: நிறவாரியாகப் பிரிக்க வேண்டாம், வடிவவாரியாகப் பிரியுங்கள். ஒரே நிறக் குவியலில் வடிவம் தேடுவதுதான் கண்ணுக்குக் கஷ்டம். பல நிறக் குவியலில் நிறம் சட்டென்று கண்ணில் படும். எண் போட்ட பைகளை ஒரு நேரத்தில் ஒரு எண் மட்டும் திறக்க வேண்டும். மணிக்கு 200 முதல் 250 பீஸ் என்று வைத்தாலும் 71043-க்கு 24 முதல் 30 மணி நேரம் ஆகும். அவசரப்படக்கூடாத வேலை.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், பெரும்பாலும் உயரத்தில். மூன்று பிளேட் (தட்டைப் பீஸ்) சேர்ந்தால் ஒரு பிரிக் (செங்கல் வடிவப் பீஸ்) உயரம், பிளேட் 3.2 மி.மீ., பிரிக் 9.6 மி.மீ. பாறை கட்டும்போது ஒரு பிளேட் விட்டுப்போனால் அப்போது எதுவும் தெரியாது. நாற்பது பக்கம் தாண்டிச் சுவரை இணைக்கும்போது 3.2 மி.மீ. இடைவெளி பல்லிளிக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள், அழுத்தம் வேறொரு மூட்டைத் திறந்துவிடும். இரண்டாவது இடம் அரை ஸ்டட் நகர்வு: நடுவில் ஒரே ஸ்டட் உள்ள ஜம்பர் பிளேட்டைக் குறுக்கே திருப்பி வைத்தால் மேலே உள்ள கோபுரம் முழுதும் 4 மி.மீ. தள்ளிப்போகும்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு எண் முடிந்ததும் மிச்சத்தைப் பாருங்கள். 1×1 போன்ற குட்டிப் பீஸ்களில் ஒன்று கூடுதலாக வருவது வழக்கம். 2×4 பிளேட் போல ஏதாவது பெரியது மிஞ்சினால் எங்கோ விட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுங்கள், அதே பைக்குள்தான் இருக்கும். கழற்ற ஆரஞ்சு நிறப் பிரிப்பான் பெட்டியிலேயே வரும். கத்தியும் பல்லும் வேண்டாம், விளிம்பு வெளுத்துவிடும், அந்த வெளுப்பு போகாது.

உள்ளே வெற்றிடமாக இருக்கும் பாறைச் சரிவுகளை மேலிருந்து அழுத்தும்போது இன்னொரு கையை அடியில் கொடுங்கள். உண்மையாகவே ஒரு பீஸ் குறைந்திருந்தால் லெகோவின் தளத்தில் செட் எண்ணையும் பீஸ் எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம்.

71043-ல் என் ஒரே வருத்தம் ஸ்டிக்கர்கள். இந்த விலையில் அச்சிட்ட பீஸ்களாகவே கொடுத்திருக்க வேண்டும். நம் ஊர் வியர்வையில் விரல் எண்ணெய் பசையில் பட்டால் ஓரம் எழும்பிவிடும். சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முனை மழுங்கிய இடுக்கியால் எடுங்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் தடவினால் நகர்த்திச் சரிசெய்ய அரை நிமிடம் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒற்றுங்கள்.

கிழக்குக்கரை:

உப்புக்காத்து பத்திப் பயப்படாதீங்க. பீஸ் பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கிற கெட்டி பிளாஸ்டிக், உப்பு அதை ஒண்ணும் செய்யாது. உப்பு செய்யறது வேற: ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், அந்த ஈரத்துல தூசி பசை மாதிரி ஒட்டும். சும்மா பிரஷ் போட்டா வராது. வாரம் ஒரு தடவை மேக்கப் பிரஷ்ஷாலயும் கேமரா ஊதுகுழலாலயும் தட்டிட்டே இருந்தா ஒட்டற கட்டத்துக்குப் போகாது.

உங்க வீட்ல உண்மையான எதிரி அந்த மேற்கு ஜன்னல். புற ஊதா ஒளி ஏபிஎஸ்ல கலந்திருக்கிற ரப்பர் பகுதியைத் தாக்கும், வெள்ளையும் வெளிர் சாம்பலும் மஞ்சளாயிடும். கண்ணாடி அதை முழுசா தடுக்காது. 71043 பெரும்பாலும் டேன் நிறம்கிறதால மாற்றம் சீக்கிரம் கண்ணுல படாது, ஆனா நடக்கும். மதியம் ரெண்டு மணிக்கு மேல தடிமனான திரை இழுத்து விடுங்க, இல்லைன்னா ஜன்னல் இருக்கிற சுவர் பக்கமே கோட்டையை மாத்துங்க, நேர் வெயில் விழாது.

அப்புறம் பல்லி. பின்பக்கம் திறந்த கோட்டை அதுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. டியூப்லைட் பக்கத்துல வெச்சா பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னாடி பல்லி வரும், எச்சம் டேன் நிறத்துல நல்லாத் தெரியும். அந்துருண்டை போட்டுடாதீங்க, அதோட ஆவி இந்த மாதிரி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. மூடி போடறதுதான் ஒரே வழி.

அக்ரிலிக் பெட்டி செய்யச் சொன்னா உள் அளவு 75×49×62 செ.மீ. சொல்லுங்க, எல்லாப் பக்கமும் மூணு நாலு செ.மீ. விடும். 5 மி.மீ. ஷீட் கேளுங்க, 75 செ.மீ. நீளத்துக்கு மெல்லிசு ஷீட் போட்டா மேல்பக்கம் தொய்யும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: மூட்டுகளை குளோரோஃபார்ம் விட்டுத்தான் ஒட்டுவாங்க, அது ஏபிஎஸ்ஸையும் கரைக்கும். பெட்டி வந்ததும் மூணு நாள் மொட்டை மாடி நிழல்லயோ பால்கனியிலயோ திறந்து வெச்சு, வாசனை சுத்தமாப் போன பிறகுதான் கோட்டை மேல கவிழ்க்கணும். உள்ளே நாலு சிலிக்கா ஜெல் பை போடுங்க. துடைக்க ஈர மைக்ரோஃபைபர் துணி. காய்ஞ்ச துணியில தேய்ச்சா நிலைமின் ஏறி தூசியை இழுக்கும்.

ஏற்கனவே அழுக்கான பீஸை கழுவணும்னா 40 டிகிரிக்குக் கீழ இருக்கிற தண்ணி, பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு. போர் தண்ணியில அலசினா வெள்ளைத் திட்டு நிக்கும், கடைசி அலசல் கேன் தண்ணியில. பள்ளப் பக்கம் கீழ பார்க்கற மாதிரி துண்டுல பரப்பி ஃபேன் காத்துல காய வைங்க. வெயில்ல வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம்.

ஷோகேஸ்:

கவிழ்க்கும் பெட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன அளவுக்கு ஐந்து பக்கம் சேர்த்தால் கிட்டத்தட்ட 1.9 சதுர மீட்டர் ஷீட். 5 மி.மீ. அக்ரிலிக் என்றால் 11 கிலோவுக்கு மேல், கண்ணாடி என்றால் ஏறக்குறைய 24 கிலோ. அதை 62 செ.மீ. உயரம் தூக்கி, நேராக இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வானியல் கோபுரத்தின் கூம்பு போய்விடும். எனவே கவிழ்ப்பதாக வேண்டாம், முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் நகர்த்தித் திறக்கும் கதவு வைத்த பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். 76419-க்கு இந்தக் கவலையே இல்லை, ஒரு கையால் தூக்கும் மூடி போதும்.

வாங்கும்போது கவனிக்க: 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதி வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 ஆனது. வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு இங்கே ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரும்பகுதி வரிதான். பார்சலில் வரவழைத்தால் முத்திரை இல்லை என்று சுங்கத்தில் நிற்கக்கூடும். நம்ப முடியாத மலிவு விலையில் வருபவை நகல்கள். ஒரு பீஸை எடுத்து ஸ்டட்டின் தலையைப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்டட்டிலும் லெகோ பெயர் புடைப்பாக இருக்க வேண்டும். நகலில் இருக்காது, பிடிப்பும் சீராக இருக்காது. 6,020 பீஸ் அடுக்கி உயர்கிற கோட்டையில் பிடிப்பு தளர்ந்தால் மேல் மாடிகள் ஒன்றும் நிற்காது.

வான்மியூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. டேப் வைத்து அளந்தேன், ஹாலில் 82 செ.மீ. வட்டம் எங்கும் கிடைக்கவில்லை. 76419 முடிவு செய்துவிட்டோம். ஜன்னல் பக்கச் சுவருக்கு யூனிட்டையும் மாற்றுகிறோம். ஒரே ஒரு கேள்வி: உள்ளே விளக்கு போடலாமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்இடி சரம் கிடைக்கும் என்கிறார்கள்.

கிழக்குக்கரை:

தாராளமா போடலாம். 5 வோல்ட் யுஎஸ்பி சரம், வார்ம் வெள்ளை. 12 வோல்ட் ஸ்டிரிப் வேண்டாம், தடிமன் அதிகம், சூடும் அதிகம். மெல்லிய ஒயரை ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் ஓட்டணும். ஸ்டட் தலைமேல போட்டு அழுத்தினா காப்புறை நசுங்கும், ஒரு பக்கம் எரியாம போகும். கட்டும்போதே ஒவ்வொரு மாடியிலயும் ஒயரை இறக்கிடுங்க, முடிச்ச பிறகு நுழைக்க முடியாது. மூட்டுகளுக்கு சால்டர் போட்டு ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி இறுகற குழாய்) மாட்டுங்க. பிளாஸ்டிக்கை விட்ட உப்புக்காத்து செம்புக் கம்பியை விடாது. ஃபெவிக்விக் மாதிரி பசை எதுவும் பீஸ் மேல படக்கூடாது, வெள்ளையா பூத்துடும். ஒயர் வெளிய வர்றதுக்கு மூடியோட பின் அடி ஓரத்துல 6 மி.மீ. ஓட்டை ஒண்ணு முன்கூட்டியே போடச் சொல்லுங்க, சுத்தி ரப்பர் வளையம் மாட்டினா எறும்பும் நுழையாது.